அழுத்த அலையிலிருந்து ரத்த ஓட்ட அலையைக் கணிக்கையில் எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பெருந்தமனியின் ஓட்டத்தை நேரடியாக அளக்காமல், அழுத்த அலையை மட்டும் கொண்டு ஓட்டத்தின் வடிவத்தைக் கணித்து, அதன் துணையால் அழுத்தத்தை இதயத்திலிருந்து முன்செல்லும் அலை, உடலின் சுற்றுப்புறத் தமனிகளிலிருந்து திரும்பும் அலை என இரண்டாகப் பிரிக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் புழங்குகிறது. அந்தக் கணக்கை ஒரு முறையேனும் ஓட்டிப் பார்த்து, கிடைத்த விடையை நம்ப முடியாமல் நிற்பவர்களுக்காக இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

விடை பிசகும்போது கணிக்கப்பட்ட ஓட்டத்தின் வடிவத்தைக் குறை சொல்வதே வழக்கம். என் மேசைக்கு வந்த பதிவுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு அதற்கு முன்பே, அழுத்த அலையில் மூன்று கணங்களைக் குறித்த இடத்தில் தொடங்கியிருந்தது. வெளியேற்றம் தொடங்கும் கணம், ஓட்டம் உச்சம் தொடும் கணம், பெருந்தமனி வால்வு மூடும் கணம் ஆகியவையே அந்த மூன்று. ஆகவே எந்த அறிகுறியிலும் முதலில் நேரக் குறிகளையும், பிறகு கருவியையும், கடைசியாகவே ஓட்ட மாதிரியையும் பார்க்கும்படி வரிசை அமைத்திருக்கிறேன்.

கீழே வரும் சொற்கள் இவை. அழுத்தம் மேலேறத் தொடங்கும் இடம் அடிப்புள்ளி. வால்வு மூடும்போது அலையில் தோன்றும் பள்ளம் மூடல் பள்ளம். அழுத்தமும் ஓட்டமும் திரும்பும் அலையின் குறுக்கீடு இல்லாதபோது கொண்டிருக்கும் விகிதம் இயல்பு இம்பீடன்ஸ். அழுத்த உயர்வோடு இயல்பு இம்பீடன்ஸையும் ஓட்டத்தையும் பெருக்கிய தொகையைக் கூட்டிப் பாதியாக்கினால் முன்செல் அலையும், கழித்துப் பாதியாக்கினால் திரும்பும் அலையும் கிடைக்கும். 1972-இல் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் வெளியிட்ட பிரிப்பு முறை இதுவே. இரண்டாவது அலையின் உயரத்தை முதலாவதின் உயரத்தால் வகுத்தால் வருவது திரும்பல் விகிதம். கணிக்கப்படும் ஓட்டத்தின் மிக எளிய வடிவம் முக்கோணம்: வெளியேற்றம் தொடங்கும் கணத்தில் சுழியிலிருந்து எழுந்து, உச்சக் கணத்தில் முனை தொட்டு, வால்வு மூடும் கணத்தில் சுழிக்கு இறங்குவது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனைகள்

இவற்றுக்குப் புதிய பதிவு எதுவும் தேவையில்லை. கையில் உள்ள ஒரு துடிப்பே போதும்.

முதலாவதாக, பிரித்த இரண்டு அலைகளையும் மீண்டும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை, அடிப்புள்ளி அழுத்தத்தைக் கழித்த அசல் அழுத்த அலையோடு ஒவ்வொரு மாதிரியிலும், அதாவது பதிவான ஒவ்வொரு அளவீட்டுப் புள்ளியிலும், பொருந்த வேண்டும்.

இரண்டாவதாக, கணிக்கப்பட்ட ஓட்டத்தைப் 10 ஆல் பெருக்கிவிட்டுக் கணக்கை முழுவதும் மறுபடி ஓட்டுங்கள். இயல்பு இம்பீடன்ஸ் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். திரும்பல் விகிதம் துளியும் மாறக்கூடாது. விகிதம் மாறினால், இம்பீடன்ஸை ஒரு ஓட்டத்திலிருந்தும் பிரிப்பை வேறொரு ஓட்டத்திலிருந்தும் நிரல் எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

மூன்றாவதாக, அடிப்புள்ளி அழுத்தத்தைக் கழித்த அழுத்த அலையையே ஓட்டம் என்று நிரலிடம் கொடுங்கள். திரும்பும் அலை முற்றிலும் சுழியாக வர வேண்டும். சுழியாக வராவிட்டால், அழுத்தத்துக்கு மட்டும் வடிகட்டியைச் செலுத்தியிருப்பது, ஒரு மாதிரி அளவு நகர்ந்திருப்பது, சராசரி மதிப்பை ஒன்றில் மட்டும் நீக்கியிருப்பது ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இம்மூன்றில் ஒன்று தவறினாலும் கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போக வேண்டாம். நிரலைச் சரிசெய்யாமல் பதிவுகளைத் திருத்துவது, இருக்கும் ஒரு கோளாற்றை இரண்டாக்கும்.

## அறிகுறி 1: வெளியேற்றம் தொடங்கியவுடன் திரும்பும் அலை சுழிக்குக் கீழே பாய்கிறது

அடிக்கடி எதிர்ப்படும் அறிகுறி இது. மிக அதிகம் தகவல் தருவதும் இதுவே. முன்செல் அலை தொலைவிலுள்ள கிளைகளுக்குப் போய்த் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், ஏறுமுகத்தின் முதல் சில பத்து மில்லி விநாடிகளில் திரும்பும் அலை ஏறக்குறையத் தட்டையாக இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. அது கீழே பாய்ந்தால், பாய்ச்சல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

### பள்ளம் குறுகலானது, சில மாதிரிகளோடு முடிகிறது

ஓட்டம் அழுத்தத்தை முந்திக்கொண்டு தொடங்குகிறது. ஓட்டத்தையே அழுத்தத்திலிருந்து கணிக்கும்போது இது எப்படி நேரும் என்று தோன்றலாம். அடிப்புள்ளியைத் துடிப்பின் மிகக் குறைந்த அழுத்தம் என்று எடுத்துக்கொண்டால் போதும், நேர்ந்துவிடும். இதயத் தளர்ச்சிக் காலத்தின் கடைசியில் அலை ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால், சிறு இரைச்சலும் குறைந்தபட்சத்தை உண்மையான ஏற்றத்துக்கு வெகு முன்னே இழுத்துவிடும். முக்கோண ஓட்டமோ அந்தக் கணத்திலேயே கூர்மையாக ஏறத் தொடங்கிவிடுகிறது.

பிழையின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். வெளியேற்றம் 300 மில்லி விநாடி நீடித்து, ஓட்டம் அதன் 30 விழுக்காட்டில் உச்சம் தொடுவதாகக் கொண்டால், ஏற்றத்துக்கு 90 மில்லி விநாடியே ஆகிறது. விநாடிக்கு 200 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஒரு மாதிரி என்பது 5 மில்லி விநாடி. ஆகவே ஒரே ஒரு மாதிரி தவறினால், ஏறுமுகம் நெடுகிலும் ஓட்டம் அதன் உச்சத்தில் 5 முதல் 6 விழுக்காடு வரை பிசகியிருக்கும்.

செய்ய வேண்டியது: குறைந்தபட்சத்தைக் கைவிட்டு, ஏறுமுகத்தின் மிகச் செங்குத்தான இடத்தில் வரையும் தொடுகோடும் தளர்ச்சி முடிவின் மட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தை அடிப்புள்ளியாக எடுங்கள். இரண்டாம் வகைக்கெழுவின் உச்சமும் பொருத்தமானதே. எதைத் தேர்ந்தாலும் ஆய்வு முழுவதற்கும் அந்த ஒன்றையே பின்பற்றுங்கள். அடுத்து, வடிகட்டி கட்டத் தாமதம் தராத, அதாவது அலையை நேரத்தில் பின்தள்ளாத, வகையா என்று பாருங்கள். முன்னும் பின்னுமாக இரு முறை செலுத்தும் வடிகட்டி இதற்கு ஏற்றது.

### பள்ளம் அகலமானது, ஏறுமுகம் முழுவதும் நீடிக்கிறது

இயல்பு இம்பீடன்ஸ் மிகையாக வந்திருக்கிறது. அதை 10 விழுக்காடு, 20 விழுக்காடு என்று கையால் குறைத்துப் பாருங்கள். பள்ளம் மறைந்து அலை தட்டையானால் காரணம் உறுதியாகிறது. ஆனால் அப்படிக் குறைத்த மதிப்பை விடையாகக் கொள்ள வேண்டாம். அது கோளாற்றைக் கண்டறியும் வழி மட்டுமே. மிகையானதற்கான காரணம் அறிகுறி 3-இல் கிடைக்கும்.

தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரில் பதிவானதாக இருந்தால், ஏறுமுகத்தின் உச்சியை அடுத்துச் சிறு அதிர்வுகள் தெரிகின்றனவா என்றும் கவனியுங்கள். திரவம் நிரம்பிய குழாய் அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. துடிப்பு அலையைப் பிரித்தால் கிடைக்கும் சைன் அலைகளில், துடிப்பின் அதிர்வெண்ணைப்போல் முழு எண் மடங்கு அதிர்வெண் கொண்டவை சீரிசைகள். நிமிடத்துக்கு 75 துடிப்பு உள்ளவரிடம் 7-ஆம் சீரிசை 8.75 ஹெர்ட்ஸில் விழுகிறது. குழாய் அமைப்பின் அதிர்வெண் 12 ஹெர்ட்ஸாகவும் அதிர்வை அடக்கும் தணிப்பு குறைவாகவும் இருந்தால், அந்தச் சீரிசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகிப் பதிவாகும். அதைக் கொண்டு கணக்கிடும் இம்பீடன்ஸ் மிகையாவதில் வியப்பில்லை.

எப்போது அழைப்பது: அதிர்வு தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, கதீட்டர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரிடம் திடீர் அலசல் சோதனையின் (குழாய்க்குள் உயர் அழுத்தத் திரவத்தை ஒரு கணம் பாய்ச்சி நிறுத்தும் சோதனை) பதிவைக் கேளுங்கள். அலசலை விட்டவுடன் ஓரிரண்டு அலைவுகளோடு கோடு அமைதியடைந்தால் அமைப்பு ஏற்கத்தக்கது. அலைவுகள் நீண்டால் தணிப்பு போதவில்லை. அலைவே இல்லாமல் சோம்பலாக இறங்கினால் தணிப்பு மிகை. நோயாளியோடு இணைந்துள்ள குழாயைப் பயிற்சி பெற்றவர் தவிர வேறெவரும் தொடக்கூடாது.

## அறிகுறி 2: இரண்டு அலைகளும் ஒன்றாகவே எழுகின்றன, விகிதம் 1-ஐ நெருங்குகிறது அல்லது தாண்டுகிறது

முன்னதன் மறுதலை இது. இயல்பு இம்பீடன்ஸ் சுழியை நோக்கிக் குறையக் குறைய இரண்டு அலைகளும் அழுத்தத்தில் சரிபாதியாகிவிடும் என்பதால், விகிதம் தானாகவே 1-ஐ நோக்கி நகர்கிறது. அப்படி வரும் உயர்ந்த விகிதத்தைத் தமனி விறைப்பின் அடையாளம் என்று படித்துவிடும் ஆபத்து இருப்பதால், மற்ற எந்த அறிகுறியையும்விட இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

எளியதிலிருந்து தொடங்குங்கள். திரும்பும் அலையின் உயரத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறீர்கள் என்று பாருங்கள். தொடக்கப் பள்ளத்தின் அடியிலிருந்து உச்சி வரை அளந்தால், அறிகுறி 1-இன் பிழை உயரத்தோடு கூடிவிடும்.

அடுத்து, மூடல் பள்ளத்துக்குப் பிந்தைய பகுதியில் இரண்டு அலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். அங்கே ஓட்டம் சுழி என்பதால் இரண்டும் ஒரே கோடாகப் படிய வேண்டும். இடைவெளி தெரிந்தால், ஓட்டத்தின் அடிமட்டம் சுழியில் இல்லை. ஓட்டத்திலிருந்து நீக்கிய சராசரியைத் திரும்பச் சேர்க்காமல் விடுவதே இதற்கு வழக்கமான காரணம்.

கோடுகள் படிந்த பின்னும் விகிதம் உயர்ந்தே இருந்தால், தொடக்கத்தில் திரும்பும் அலையில் கூரிய முள் ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஓட்டம் தாமதமாகத் தொடங்குகிறது. அடிப்புள்ளியை முன்னே நகர்த்த வேண்டும். முள் இல்லாமல் இரண்டும் சீராக இணைந்து எழுந்தால் இம்பீடன்ஸ் குறைந்து வந்திருக்கிறது. அழுத்த அலையை அளவுக்கு மீறி மழுக்கியிருப்பதும், குழாயில் காற்றுக்குமிழியோ ரத்தக்கட்டியோ மடிப்போ இருந்து தணிப்பு மிகையாகியிருப்பதும் உயர் சீரிசைகளைத் தின்றுவிடுவதால் இதே விளைவைத் தரும். வடிகட்டியின் வெட்டு அதிர்வெண்ணை (எதற்கு மேற்பட்ட அதிர்வெண்களை அது தடுக்கிறதோ அதை) உயர்த்திப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் கருவிப் பக்கம் போக வேண்டும்.

## அறிகுறி 3: ஒரே நபரில் இயல்பு இம்பீடன்ஸ் துடிப்புக்குத் துடிப்பு குதிக்கிறது

துடிப்புகளைக் கண்ணால் பார்ப்பதே முதல் வேலை. முன்கூட்டி வரும் துடிப்பையும் அதற்கு அடுத்ததையும் விலக்குங்கள். மீதியுள்ளவற்றை மூச்சின் முழுச் சுற்றுகள் சில அடங்கும்படி எடுத்து, அடிப்புள்ளியில் ஒழுங்குபடுத்திச் சராசரியாக்குங்கள். ஒழுங்குபடுத்தாமல் சராசரி எடுத்தால் ஏறுமுகம் சாய்ந்து, மூடல் பள்ளம் கரைந்து, அறிகுறி 4 புதிதாக முளைக்கும்.

சராசரித் துடிப்பிலும் மதிப்பு நிலையில்லாமல் இருந்தால், துடிப்பின் முதல் மாதிரியின் அழுத்தமும் கடைசி மாதிரியின் அழுத்தமும் சமமா என்று பாருங்கள். சமமில்லாதபோது ஃபூரியர் கணக்கில் அந்தப் படிக்கட்டு எல்லாச் சீரிசைகளிலும் சிந்தும். நேர்கோட்டுச் சாய்வை நீக்கினால் தீரும்.

அதற்கும் அடங்காத குதிப்புக்குக் காரணம் கணிக்கப்பட்ட ஓட்டத்திலேயே இருக்கிறது. இம்பீடன்ஸை 4 முதல் 7 வரையிலான சீரிசைகளின் சராசரியாக எடுப்பது வழக்கம். முக்கோணத்தின் சீரிசைகளோ வேகமாகத் தேய்கின்றன. வெளியேற்ற நேரத்துக்கும் துடிப்பின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்து, அந்த நான்கில் ஒன்றின் வீச்சு மிகச் சிறியதாகிவிடக்கூடும். சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாக வெடிக்கும், அந்த ஒன்றே சராசரியையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு சீரிசையின் மதிப்பையும் தனித்தனியே அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால், ஓட்டத்தின் முதல் சீரிசையோடு ஒப்பிட்டு ஒரு குறைந்தபட்ச வீச்சை முன்கூட்டியே விதியாக வைத்து, அதற்குக் கீழுள்ளவற்றைத் தள்ளுங்கள். விடையைப் பார்த்த பின் எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது நேர்மையான முறையாகாது.

ஏறுமுகத்தின் தொடக்கத்தில் அழுத்த உயர்வை ஓட்ட உயர்வால் வகுக்கும் நேரவெளிக் கணக்கையும் பக்கத்தில் ஓட்டிவையுங்கள். இரண்டு முறைகளும் நெருக்கமான மதிப்பைத் தந்தால் மன அமைதி கிடைக்கும். வெகுவாக விலகினால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

எப்போது அழைப்பது: துடிப்பின் நீளமே ஒழுங்கின்றி மாறிக்கொண்டிருந்தால், கணக்கைத் திருத்துவதில் பயனில்லை. ஈசிஜி பதிவை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். மேலறை நடுக்கம் போன்ற தாளக் கோளாறு இருக்கும் பதிவுக்கு ஒரே சராசரித் துடிப்பு பொருந்தாது.

## அறிகுறி 4: மூடல் பள்ளம் தெரியவில்லை

முக்கோணத்தின் அடி முடியும் இடம் இதுவே என்பதால், இது தொலைந்தால் ஓட்டத்தின் நீளமே ஊகமாகிவிடும்.

மழுக்கும் வடிகட்டியை நீக்கிவிட்டு அசல் அலையைப் பாருங்கள். பள்ளம் இருந்தால் குற்றம் வடிகட்டியுடையது. பள்ளமாக இல்லாமல் தோள்போல ஒரு மடிப்பு மட்டும் இருந்தால், உச்சிக்குப் பிந்தைய இறங்குமுகத்தில் இரண்டாம் வகைக்கெழு உச்சம் தொடும் இடத்தை எடுங்கள். தேடும் எல்லையை, நிதானத் துடிப்பில் அடிப்புள்ளியிலிருந்து சுமார் 250 முதல் 400 மில்லி விநாடி என்பதுபோல், குறுக்கிவையுங்கள். இல்லாவிடில் நிரல் தளர்ச்சிக் காலத்துச் சிற்றலையைப் பிடித்துக்கொள்ளும்.

பதிவு எங்கே எடுக்கப்பட்டது என்பது அடுத்த கேள்வி. மணிக்கட்டுத் தமனியில் டோனோமீட்டர் (தோலின் மேல் அழுத்திப் பிடித்து அலையைப் பதியும் உணரி) வைத்து எடுத்ததாயின், அங்கே தெரியும் பள்ளத்தின் நேரத்தை நேராகப் பெருந்தமனிக்குப் பொருத்தக்கூடாது. ஓரிடத்து அலையை இன்னோரிடத்து அலையாக மாற்றும் கணிதச் சூத்திரமான மாற்றுச் சார்பின் வழியே பெருந்தமனி அலையை மீட்டெடுத்த பின்பே தேட வேண்டும். மாற்றுச் சார்பும் நுண்ணிய விவரங்களை மழுக்கக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள். கழுத்துத் தமனியில் எடுத்ததாயின், டோனோமீட்டரை அழுத்திப் பிடித்த விசை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிய பதிவு எடுப்பது, பழையதோடு போராடுவதைவிடச் சிக்கனமானது.

இதய ஒலிப் பதிவு கைவசம் இருந்தால் இரண்டாம் ஒலியின் தொடக்கம் வால்வு மூடலை நேரடியாகக் காட்டும். கழுத்திலோ மணிக்கட்டிலோ அலை தாமதமாக வந்து சேர்கிறது என்பதால், அந்தப் பயண நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டையும் ஒட்டக்கூடாது.

எப்போது அழைப்பது: நல்ல கருவி, நல்ல பதிவு, வடிகட்டி இல்லை, அப்படியும் பள்ளம் இல்லை என்றால், பெருந்தமனி வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னொழுகுகிறதோ என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை எக்கோ பரிசோதனையில்தான் இருக்கிறது. இதய மருத்துவருக்குத் தகவல் தெரிவிப்பது ஆய்வாளரின் கடமை. பின்னொழுக்கு உள்ளவரிடம் தளர்ச்சிக் காலத்து ஓட்டம் சுழி என்ற அடிப்படையே உடைவதால், அந்தப் பதிவை இம்முறைக்குப் பயன்படுத்தவும் கூடாது.

## அறிகுறி 5: வளைவு மாற்றப் புள்ளி கிடைக்கவில்லை, அல்லது பொருந்தாத இடத்தில் கிடைக்கிறது

2006-இல் முக்கோண முறையை முன்வைத்த வெஸ்டர்ஹாஃப் குழுவினர், ஓட்டத்தின் உச்சத்தை அழுத்த அலையின் வளைவு மாற்றப் புள்ளியில் (திரும்பும் அலை வந்து சேர்வதால் அலையின் வளைவு மாறும் இடம்) வைப்பது, வெளியேற்ற நேரத்தின் 30 விழுக்காட்டில் வைப்பது என்ற இரண்டு வழிகளையும் ஆராய்ந்தார்கள். சிக்கல் பெரும்பாலும் முதல் வழியில் எழுகிறது.

புள்ளியை நான்காம் வகைக்கெழு சுழியைக் கடக்கும் இடத்தில் தேடுவது வழக்கம். ஒவ்வொரு வகைக்கெழுவும் இரைச்சலைப் பெருக்குவதால், வெறும் வேறுபாடுகளை நான்கு முறை எடுத்தால் கிடைப்பது இரைச்சல் மட்டுமே. பல்லுறுப்புக் கோவை பொருத்தி வகைக்கெழு எடுக்கும் சவிட்ஸ்கி–கோலே வடிகட்டியைப் பயன்படுத்தி, அதன் சாளர அகலத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பாருங்கள். புள்ளி இருந்த இடத்திலேயே நின்றால் நம்பலாம். அகலத்துக்கு ஏற்ப அலைந்தால் நம்ப வேண்டாம்.

இளையோரிடம் திரும்பும் அலை தாமதமாக வருவதால், புள்ளி அழுத்த உச்சிக்குப் பின்னே விழலாம். முதியோரிடம் முன்னே விழும். உச்சிக்கு முன்னே மட்டும் தேடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால் இளையோர் எல்லோரிடமும் அது தோற்கும். தேடலை இருபுறமும் திறந்துவிடுங்கள். அதன் பின்னும் ஒரு சிலரிடம் கிடைக்காவிட்டால், அவர்களுக்கு மட்டும் 30 விழுக்காட்டு விதியைப் பூசுவதைவிட, எல்லோருக்கும் அதையே பயன்படுத்துவது நல்லது. இரண்டு விதிகள் கலந்த தொகுப்பில் வயதினால் வந்த வேறுபாட்டையும் விதியினால் வந்த வேறுபாட்டையும் பிரித்தறிய முடியாது.

## அறிகுறி 6: விகிதம் ஏற்கத்தக்கது, ஆனால் அலைகளின் உயரம் மட்டும் நம்ப முடியவில்லை

இது அளவீட்டுச் சிக்கல். ஓட்டக் கணிப்போடு தொடர்பில்லை. அழுத்த அலையை ஒரே எண்ணால் பெருக்கினால் இரண்டு அலைகளும் சேர்ந்தே பெருகும், விகிதம் அசையாது.

கையில் 120/80 அளந்தவரின் சராசரி அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்கு விதியால் (கீழ் அழுத்தத்தோடு இரண்டின் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுவது) கணக்கிட்டால் சுமார் 93, நாற்பது விழுக்காட்டு விதியால் (அந்த வேறுபாட்டில் 40 விழுக்காட்டைக் கூட்டுவது) கணக்கிட்டால் 96 மி.மீ. பாதரசம் வரும். கீழ் அழுத்தமும் சராசரியும் கையிலும் கழுத்திலும் ஒன்றே என்று கொண்டு கழுத்துத் தமனி அலைக்கு அளவு குறிக்கும்போது, அந்த அலையின் சராசரி அதன் உயரத்தில் 45 விழுக்காட்டில் அமைந்திருந்தால், அதே பதிவு ஒரு விதியில் சுமார் 110 உச்ச அழுத்தத்தையும் மற்றதில் சுமார் 116-ஐயும் காட்டும். எந்த விதி என்பதை எழுதிவையுங்கள். இரண்டு விதிகளில் அளந்தவர்களின் அலை உயரங்களை ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

ஓட்டத்தை விநாடிக்கு மில்லி லிட்டரில் கேட்பவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடலாம்: முக்கோணத்துக்கு உயரம் நாம் கொடுத்ததே. அதிலிருந்து இதய வெளியீட்டைப் பெற முடியாது.

## அறிகுறி 7: முக்கோணம் ஒரு விடையும், சராசரி ஓட்ட வடிவமோ விண்ட்கெசல் மாதிரியோ வேறு விடையும் தருகிறது

விண்ட்கெசல் என்பது தமனிகளை மீள்தன்மையுள்ள ஒரு தேக்கமாகவும் ஒரு தடையாகவும் பாவிக்கும் மாதிரி. முறைகளுக்கிடையே ஓரளவு வேறுபாடு இருந்தே தீரும். உண்மையான ஓட்டத்தின் உச்சி வளைவானது, இறங்குமுகம் நேர்கோடல்ல. பலரிடம் அளந்த ஓட்டங்களைச் சராசரியாக்கி எடுத்த வடிவம் முக்கோணத்தைவிட நேரடி அளவோடு நன்றாகப் பொருந்துவதை 2009-இல் கிப்ஸ் குழுவினர் காட்டினார்கள். தேர்வு என் கையில் இருந்தால் நானும் முக்கோணத்தைச் சரிபார்ப்புக்கு மட்டுமே வைத்துக்கொள்வேன்.

வேறுபாடு எல்லோரிடமும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது முறையின் சாய்வு. ஒரே முறையில் நின்றால் குழுக்களை ஒப்பிடலாம். ஒரு சிலரிடம் மட்டும் பெரிதாக இருந்தால், அவர்களுடைய மூன்று நேரக் குறிகளையும் கண்ணால் சரிபாருங்கள்.

குறிகள் சரியாக இருந்தும் அவர்கள் விலகியே நின்றால், அவர்களுடைய ஓட்டம் பொது வடிவத்தைச் சேர்ந்ததில்லை என்று கொள்ளுங்கள். பெருந்தமனி வால்வு சுருக்கத்தில் ஓட்டத்தின் உச்சம் பிந்துகிறது. இதயத்தின் சுருங்கும் திறன் வெகுவாகக் குறைந்தவர்களிடம் வெளியேற்றத்தின் நீளமும் வடிவமும் மாறுகின்றன. திரும்பும் அலை ஓட்டத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதே கேள்வியாக உள்ள இவர்களிடம், அழுத்தத்திலிருந்து ஓட்டத்தை ஊகிப்பது கேள்வியையே விடையாக எழுதுவதாகும்.

எப்போது அழைப்பது: இந்த நிலையில் எக்கோ நிபுணரிடம் இடது கீழறையின் வெளியேற்றப் பாதையில் டாப்ளர் ஓட்டப் பதிவு கேளுங்கள், தேவையானால் கட்ட வேறுபாட்டு எம்.ஆர்.ஐ. மூலம் பெருந்தமனி ஓட்டத்தை அளக்கச் செய்யுங்கள். எல்லோருக்கும் இது கட்டுப்படியாகாவிட்டால், விலகி நிற்பவர்களோடு விலகாதவர்கள் சிலரையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். விலகியவர்களை மட்டும் அளந்தால், மற்றவர்களிடம் கணிப்பு சரியாக இருந்ததா என்பது கடைசி வரை தெரியாமலே போகும்.